தீட்சை வாங்கப் போகிறீர்களா? மறுநாள் காலையிலிருந்து யோசியுங்கள்

தீட்சை வாங்க வேண்டும் என்று யாராவது வந்து சொன்னால் நான் ஒன்றுதான் கேட்பேன்: மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? கேட்டதும் பெரும்பாலோர் முகம் கொஞ்சம் வாடிவிடும். அவர்கள் மனத்தில் இருப்பது ஓமப்புகையும், காதில் விழும் மந்திரமும், குருவின் கை தலையில் படும்போது வரப்போகும் சிலிர்ப்பும். அதெல்லாம் உண்டுதான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க வரும் காலைகளுக்காகத்தான் அந்தச் சடங்கே நடக்கிறது. எனவே கடைசியிலிருந்து முன்னோக்கி வருவது போல இந்த விஷயத்தைப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் தாடி வளர்ப்பதையும் தீட்சை என்கிறோம். மலைக்கு மாலை போட்டு விரதம் இருப்பதையும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. இங்கே பேசப்போவது ஆகமங்களும் தந்திர நூல்களும் சொல்கிற தீட்சை. தமிழில் தீக்கை என்றும் எழுதுவார்கள். கொடுத்தல், கெடுத்தல் என்று இரண்டு பொருளை அந்தச் சொல்லுக்குள் பார்ப்பது மரபு: ஞானத்தைக் கொடுத்து, பாசத்தை, அதாவது ஆன்மாவைக் கட்டியிருக்கும் தளையை, கெடுப்பது.

சரி, ஞானம்தான் வேண்டுமென்றால் புத்தகம் படித்தால் போதாதா, சடங்கு எதற்கு? சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு சுவையான பதில் வைத்திருக்கிறது. ஆணவம், கன்மம், மாயை என்று ஆன்மாவைப் பற்றிய மூன்று மலங்களில், அதாவது அழுக்குகளில், ஆணவ மலத்தை அது வெறும் அறியாமையாகப் பார்ப்பதில்லை. ஒரு பொருளாகவே பார்க்கிறது. கண்ணில் படலம் விழுந்தவருக்குத் தன் கண்ணில் படலம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் பார்வை வந்துவிடாது. மருத்துவர் கருவியை எடுத்து அதை நீக்க வேண்டும். அப்படி நீக்குகிற செயல்தான் தீட்சை. செய்பவன் சிவன், குரு அவன் கை. இந்த வாதத்தை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் மடத்தில் போய் உட்காரும் முன் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அன்று அங்கே நடக்கும் ஒவ்வொன்றும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

எந்த வழி?

தமிழ் பேசும் இடங்களில் புதிதாக வருகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, 28 சைவ ஆகமங்களை ஒட்டிய சைவ தீட்சை. திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களிலும், சிவாச்சாரியார்களிடமும், ஈழத்தில் குருமார்களிடமும் கிடைப்பது. இரண்டு, ஸ்ரீவித்யை என்ற சாக்த வழி, அதாவது அம்பாளை வழிபடும் வழி. மூன்று, வைணவர்களின் பஞ்ச சம்ஸ்காரம். சமாசிரயணம் என்று சொல்வார்களே, அதுதான். காய்ச்சிய சங்கு சக்கர முத்திரையைத் தோளில் பதிப்பது இதில் ஓர் அங்கம். இது பாஞ்சராத்திர ஆகமத்தோடு தொடர்புள்ளது. வீரசைவர்களுக்கு இட்டலிங்கம் என்ற சிறு லிங்கத்தைக் கழுத்தில் அணிவிக்கும் தீட்சை தனியாக உண்டு. மயிலம் பொம்மபுர ஆதீனம் அந்த மரபைச் சேர்ந்தது.

இதில் எது உயர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே எந்தச் சாமி படத்துக்கு முன்னால் உங்கள் கை தானாகக் குவிகிறது என்று பாருங்கள், அது போதும். நான் நடந்து பார்த்தது சைவ வழி என்பதால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன். ஸ்ரீவித்யை பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

சைவத்தில் படிகள்

சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று மூன்று. இவற்றுக்கு மேல் குருவாக அமர்த்துகிற ஆசாரியாபிடேகம். அது நமக்கு இப்போது வேண்டாம்.

சமய தீட்சையில் ஐந்தெழுத்து உபதேசமாகும்; நாள்தோறும் செய்ய வேண்டிய அனுட்டானம் சொல்லித் தருவார்கள். விசேட தீட்சையில், வாகீசுவரி என்ற சக்தியின் கருவில் மறுபடி பிறந்து சிவனுக்குப் பிள்ளையாவதாகப் பாவனை. அதன் பிறகு தனக்கென ஒரு லிங்கம் வைத்துச் சிவபூசை செய்யலாம். நிர்வாண தீட்சைதான் பெரிய வேலை. சீடனின் குடுமியிலிருந்து கால் பெருவிரல் வரை ஒரு நூலைத் தொங்கவிடுவார்கள். பாசசூத்திரம் என்று பெயர். ஆன்மாவைக் கட்டியிருக்கும் ஆறு அத்துவாக்களையும் (வழிகளையும்), அதாவது 11 மந்திரம், 81 பதம், 51 எழுத்து, 224 புவனம், 36 தத்துவம், 5 கலை (ஆற்றல் பிரிவு) அத்தனையையும், அந்த நூலில் இருப்பதாகப் பாவித்து, ஒவ்வொரு கலையாகச் சுத்தி செய்து, நூலை அறுத்து அக்கினியில் இடுவார்கள். 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாசாரியார் எழுதிய பத்ததியை, அதாவது சடங்குச் செய்முறை நூலை, பின்பற்றித்தான் தமிழ்நாட்டில் இன்றும் பல இடங்களில் இது நடக்கிறது.

சில இடங்களில் சமயத்தையும் விசேடத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறார்கள். தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டால், இடைவெளி விடுங்கள் என்பேன். அனுட்டானமே கைவராதவர் சிவபூசையையும் ஏற்றுக்கொண்டு, ஆறு மாதத்தில் லிங்கத்தைத் திருப்பிக் கொடுக்க மடத்துக்குப் பேருந்து ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

‘நயன தீட்சை’, ‘பரிச தீட்சை’ என்ற பெயர்களும் காதில் விழும். இவை கொடுக்கும் முறையைக் குறிப்பவை. மீன் பார்த்தும், பறவை தொட்டும், ஆமை நினைத்தும் முட்டையைப் பொரிப்பது போல, குரு கண்ணாலும் கையாலும் மனத்தாலும் அருள்வது. வாக்கால், சாத்திரத்தால், யோகத்தால் அருள்வதும் உண்டு. ஓமம் வளர்த்துச் செய்வது ஔத்திரி. நமக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. மற்றவை அதற்குள்ளேயே அங்கங்களாக வந்துபோகும்.

குருவைத் தேடுவது

இந்த இடத்தில் அவசரமே கூடாது. குருவும் சீடனும் ஓராண்டாவது ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தந்திர நூல்களே சொல்கின்றன. சீடனுக்கும் அந்த உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குருடும் குருடும் சேர்ந்து குழியில் விழுவதைத் திருமூலர் பாடிவைத்தது சும்மா இல்லை.

ஆதீனங்களுக்குப் போவதில் ஒரு வசதி இருக்கிறது: பரம்பரை கண் முன்னால் தெரியும். திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. அதுபோன்ற வகுப்பு ஒன்றில் சில மாதம் உட்கார்ந்தால் தீட்சை எப்போது, எங்கே, யார் கொடுக்கிறார்கள் என்பது தானாகவே தெரியவரும். ஏற்கெனவே வாங்கியவர்களும் பக்கத்துப் பாயிலேயே இருப்பார்கள்.

தனியாக ஒரு குருவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் கேளுங்கள்: உங்களுக்குத் தீட்சை தந்தவர் யார், எந்தப் பத்ததிப்படி செய்கிறீர்கள், நாள்தோறும் நான் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, செலவு எவ்வளவு. உண்மையான குரு இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார். சிலர் சிரித்துவிட்டு, “முதல்ல காலையில எழுந்து பழகு, அப்புறம் வா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் கிடைத்தால் விடாதீர்கள்.

விலகி வர வேண்டிய இடங்களும் உண்டு. ஒரு தொகை கட்டினால் எல்லாத் தீட்சையும் ஒரே மாலையில் கைப்பேசி வழியாக வந்துவிடும் என்றால் வேண்டாம். தட்சணை மரபில் உண்டு, விலைப்பட்டியல் கிடையாது. குடும்பத்துக்குத் தெரியாமல் வா என்றாலோ, தாந்திரிகம் என்ற பெயரைச் சொல்லி உடலைக் கேட்டாலோ, பயமுறுத்தினாலோ அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் போங்கள். குருத் துரோகம், சாபம் என்றெல்லாம் மிரட்டுவார்கள். இன்னும் தீட்சையே வாங்காதவருக்கு ஏது குருத் துரோகம்?

ஒரு மண்டலம் ஒத்திகை

தேதி குறிக்கும் முன் 48 நாள் சொந்தமாக ஓட்டிப் பாருங்கள். இதை எந்த நூலும் விதிக்கவில்லை, என் யோசனைதான். ஒரே நேரத்தில் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, கிழக்கோ வடக்கோ பார்த்து 20 நிமிடம் உட்காருங்கள். தேவாரம் ஓத யாருடைய அனுமதியும் வேண்டாம். சம்பந்தரின் திருநீற்றுப் பதிகமோ அப்பரின் நமச்சிவாயப் பதிகமோ போதும். அசைவம், மது இரண்டையும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் வாங்கிய பிறகு விடத்தான் வேண்டும். 48இல் 40 நாள் தேறினால் நீங்கள் தயார். 15 நாள்தான் தேறியது என்றாலும் குடி முழுகிப்போகவில்லை. எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொண்டீர்கள். மாற்றிப் பாருங்கள்.

உடல்நிலை, வயது, வேலை காரணமாக விதிகளைக் கடைப்பிடிக்க முடியாது என்று தோன்றினால் குருவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிறுவர், முதியவர், நோயாளி போன்றோருக்காகவே கடமைகள் சுமத்தாத ‘நிர்பீச’ தீட்சை என்ற ஏற்பாடு பழைய நூல்களிலேயே இருக்கிறது. கடைப்பிடிக்க முடிகிறவர்களுக்கு ‘சபீசம்’. அந்தப் பழைய பட்டியலில் பெண்களையும் சேர்த்திருந்தார்கள். இன்று மடங்களில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து தீட்சை வாங்கி, பலரையும் விட ஒழுங்காக அனுட்டானம் செய்கிறார்கள்.

முந்தைய நாள்

எடுத்துப்போக வேண்டியவற்றை அவர்களே சொல்வார்கள். பொதுவாக: ஆண்களுக்கு வேட்டியும் இரண்டு துண்டும், பெண்களுக்குச் சேலை, திருநீற்றுப் பை, உருத்திராட்சம், பூசை நீருக்கான பஞ்சபாத்திரமும் உத்தரணி என்ற சிறு கரண்டியும், ஒரு சிறு தட்டு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, உதிரிப்பூ, தட்சணை. வேட்டியை ஒரு தடவை நனைத்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள். கஞ்சி போட்ட புது வேட்டியில் மூன்று மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்வது எப்படி என்று எனக்குத் தெரியும்.

இரவு எளிமையாகச் சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, பாலோ பழமோ எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். பிறப்பு, இறப்புத் தீட்டோ மாதவிடாயோ இருந்தால் பெரும்பாலும் வேறு நாளுக்கு வரச் சொல்வார்கள். அதையும் தொலைபேசியிலேயே பேசிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

அந்த நாள்

உள்ளே போனதும் ஒரு பக்கம் கும்பங்கள், ஒரு பக்கம் அக்கினி குண்டம், நடுவில் வண்ணப்பொடியில் மண்டலம். குரு முதலில் தம்மையே சுத்தி செய்துகொண்டு, சிவமாகப் பாவித்துக்கொள்வார். அதற்கே நேரம் பிடிக்கும். அதுவரை சும்மா இருக்கப் பழகியிருந்தால் நல்லது.

பிறகு உங்களிடம் வருவார். முதலில் ஒரு பார்வை, நிரீட்சணம். அப்புறம் மந்திர நீர் தெளிப்பது, புரோட்சணம். பூவால் மெல்லத் தட்டுவது தாடனம். கைக்கு வந்த தர்ப்பையின் மறுமுனை குருவிடம் இருக்கும். அவர் நாடியும் உங்கள் நாடியும் அதன் வழியாக இணைவதாகப் பாவனை. அதைப் பிடித்திருக்கும்போது விரலை இறுக்காதீர்கள், சும்மா தாங்கினால் போதும்.

துணியால் கண்ணைக் கட்டுவது எல்லா இடத்திலும் இப்போது இல்லை, கூட்டம் அதிகம் என்றால் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குக் கட்டினார்கள். என் துண்டையே மடித்துக் கட்டியதில் மூக்கு வரை மறைந்துபோய், சோப்பு வாசனையும் இருட்டும்தான். கையில் பூவைத் திணித்து, “போடுங்க” என்றார் மடத்துத் துறவியான ஒரு தம்பிரான். எங்கே போடுவது என்று தெரியவில்லை. தெரியக்கூடாது என்பதுதான் விஷயம். பக்கத்தில் இருந்த பாட்டி போட்ட பூ என் மடியில் விழுந்தது; என்னுடையது மண்டலத்தின் ஓரத்தில். கட்டை அவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டது மண்டலமும் விளக்கும். அவ்வளவு நேரம் இருட்டில் இருந்த கண்ணுக்கு அந்த மஞ்சளும் சிவப்பும் கூசியது. மலம் நீங்கிச் சிவத்தைக் காண்பது என்று வகுப்பில் பத்து முறை கேட்டது அப்போதுதான் மண்டைக்குள் போயிற்று.

பூ விழுந்த இடத்தை வைத்துத் தீட்சா நாமம் கொடுப்பது விதி. நடைமுறையில் குரு தாமே ஒரு பெயர் சூட்டுவதும் உண்டு.

அதன் பின் சிவஹஸ்தம். மந்திரங்களால் பூசித்த வலக்கையை உங்கள் தலைமேல் வைப்பார். நல்லூரில் அப்பர் தலையில் சிவன் திருவடி வைத்த வரலாறு அந்த நேரத்தில் பலருக்கும் நினைவுக்கு வரும். சிலர் அழுவார்கள், சிலருக்கு ஒன்றும் தோன்றாது. எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது, அதுதான் தோன்றியது. ஒன்றும் உணரவில்லையே என்று வீட்டுக்கு வந்து வருத்தப்படாதீர்கள். சடங்கின் பலன் உங்கள் சிலிர்ப்பைப் பொறுத்தது என்று ஆகமம் எங்கும் சொல்லவில்லை.

கடைசியில் உபதேசம். ‘நமசிவாய’ தூல ஐந்தெழுத்து, ‘சிவாயநம’ சூக்கும ஐந்தெழுத்து என்று படித்திருப்பீர்கள். உங்களுக்கு எதை, எப்படிச் சொல்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்டு, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து, “உங்களுக்கு என்ன சொன்னாங்க?” என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். வீடியோ எடுக்கலாமா என்று யாரோ கேட்டார், அவருக்குக் கிடைத்த பார்வையை இங்கே விவரிக்கவில்லை.

மறுநாள் காலை

வந்துவிட்டது. குளித்து, உத்தரணியால் மூன்று முறை நீர் உட்கொள்ளும் ஆசமனம். பிறகு திருநீறு. தீட்சை பெற்றவர் நீரில் குழைத்து மூன்று கோடாக இடலாம். உச்சி, நெற்றி, கழுத்து, மார்பு, கொப்பூழ், முதுகு, பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, விலா, முழந்தாள் இரண்டிரண்டு என்று 16 இடம். நடுமூன்று விரலால் இட வேண்டும். தண்ணீர் அதிகமானால் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறங்கும், குறைந்தால் கோடு விழாது, திட்டுத் திட்டாக நிற்கும். உள்ளங்கையில் திருநீற்றை முதலில் எடுத்து, உத்தரணி முனையால் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். தோசை மாவை விடக் கொஞ்சம் இளக்கமாக வந்தால் சரி. காய்ந்த பிறகுதான் வெள்ளையாகத் தெரியும், எனவே தெரியவில்லை என்று மறுபடி பூசாதீர்கள்.

அடுத்து பிராணாயாமம், கையிலும் உடல் உறுப்புகளிலும் மந்திரத்தைப் பதிக்கும் கரநியாசம், அங்கநியாசம், 108 முறை செபம். மாலையின் முனையில் தனியாக நிற்கும் நாயக மணியைத் தாண்டாமல் திருப்பிக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசையச் சொல்வது, மனத்துக்குள் சொல்வது மூன்றில் மனத்துக்குள் சொல்வதே உயர்ந்தது என்பார்கள். ஆனால் முதல் சில வாரம் மனத்துக்குள் தொடங்கினால் 30ஆம் மணியில் அலுவலக நினைப்பு வந்துவிடும். நான் உதடசைத்துத்தான் பழகினேன்.

முழுவதும் பழகாதவரை அரை மணி நேரம் பிடிக்கும், பழகினால் 15 நிமிடம். ஒரு நாள் தவறினால் என்ன செய்வது என்பதற்குக் குரு சொல்லும் பரிகாரம் உண்டு, பொதுவாகக் கூடுதல் செபம். பயணத்தில் எவ்வளவு சுருக்கலாம் என்பதையும் தீட்சை வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் மேல்படுக்கையில் உட்கார்ந்து 16 இடத்தில் திருநீறு இட முடியாது.

ஸ்ரீவித்யை பக்கம் போகிறவர்களுக்கு

இங்கேயும் படிதான். பெரும்பாலான பரம்பரைகளில் கணபதி மந்திரம், பிறகு பாலா, பிறகு 15 எழுத்துள்ள பஞ்சதசி, தகுதி பார்த்துச் சோடசி. இதன் சடங்கு நூலான கல்பசூத்திரத்தின் மரபு சாக்தீ, சாம்பவீ, மாந்த்ரீ என்று மூன்று தீட்சைகளைச் சொல்கிறது. தீட்சா நாமம் ‘ஆனந்தநாதர்’ என்று முடியும். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் காவிரிக்கரையில் வந்து தங்கிய ஸ்ரீவித்யை அறிஞர் பாஸ்கரராயருக்கு பாசுரானந்தநாதர் என்று பெயர்.

பஞ்சதசி எழுத்துகள் இன்று யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி கிடக்கின்றன. அதை எடுத்து நீங்களே செபிக்கத் தொடங்க வேண்டாம். குருவின் வாயிலிருந்து வராத மந்திரம் வெறும் எழுத்து என்பது அந்த மரபின் அடிப்படை. அவர்கள் வீட்டுக்குப் போகிறவர் அவர்கள் வழக்கப்படி நடப்பதுதானே முறை. தாந்திரிகம் என்றதும் மது, மாமிசம் என்று பஞ்ச மகாரக் கதைகளோடு வருகிறவர்களும் உண்டு. அவை வாம மார்க்கத்தில் இருப்பது உண்மைதான். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஸ்ரீவித்யை வீடுகளில் நடப்பது பாலும் பழமும் குங்குமமுமாக, ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளுக்கும் செய்யும் நவாவரண பூசை. தொடங்க விரும்புகிறவர் பூசை நடக்கும் வீட்டில் சில பௌர்ணமிகள் போய் உட்கார்ந்து, பூ ஆய்ந்து கொடுத்து, பாத்திரம் கழுவித் தந்தாலே போதும். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அனுட்டான முறையை அச்சடித்த ஒரு தாளைத் தீட்சை அன்று கையில் கொடுப்பார்கள். அதை அன்றைக்கே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள். என் தாள் ஆசமன நீரில் நனைந்து, மூன்றாம் நாளே அங்கநியாசப் பகுதி அழிந்துபோய், காலை ஐந்தரைக்கு மடத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்தவர் தூக்கத்தில் இல்லை. அவர் அப்போது அனுட்டானத்தை முடித்திருந்தார்.